பட்டாளத்துக்காரர்களுக்கு மனசைச் சொல்லவும் பயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள் வருகிறது. வசூலுக்குக் காசு போடும் எல்லோருக்கும் நன்றி. ஹவில்தாராக ஓய்வு பெற்றவரின் மனைவி என்ற முறையில், காசுக்கு அப்பால் ஒன்று கேட்கிறேன். ஓய்வு பெற்று ஊர் திரும்பும் படைவீரர்களுக்கு, தன் மனசில் ஓடுவது என்னவென்று தெரிந்துகொண்டு அதை வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியை நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடத்த வேண்டும். மனைவிமாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தற்கொலையைத் தடுக்க இது உதவும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

வெலிங்டனில் பயிற்சி எடுக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது போர் முழக்கம். பயத்தை உள்ளே தள்ளிவிட்டுக் கத்தப் பழகினால்தான் எல்லையில் நிற்க முடியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே தள்ளும் அந்தப் பழக்கம் பென்ஷனோடு சேர்ந்து வீட்டுக்கும் வந்துவிடுகிறது. சிப்பாய்களில் பலர் நாற்பது வயதுக்கு முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். மீதி வாழ்க்கை முழுக்க அப்படியே இருக்க முடியுமா?

எங்கள் வீட்டுக்காரர் நடுராத்திரியில் எழுந்து தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்ப்பார். பையன் செருப்பைக் கோணலாக விட்டதற்கு ஊரே கேட்கும்படி கத்துவார். பிறகு மாந்தோப்பில் போய் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை வரமாட்டார். "என்னங்க ஆச்சு?" என்றால் "தலைவலி." வீட்டில் தலைவலி மாத்திரை அட்டை அட்டையாகத் தீரும். பட்டாளத்தில் கூட இருந்தவரைப் பறிகொடுத்த துக்கம் அது என்று அவருக்கே பிடிபட வருஷக்கணக்கில் ஆனது. அவர் பிழைத்தார். அவரோடு ராணுவ கேன்டீன் வரிசையில் நின்று பேசும் பக்கத்து ஊர் நண்பர் இன்று இல்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கடைசியாகப் பார்த்த அன்றும் "சப் டீக் ஹை" (எல்லாம் நன்றாக இருக்கிறது) என்றுதான் சொன்னாராம். குடி என்றார்கள், கடன் என்றார்கள். இருந்திருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட சாவு ஒரே காரணத்தால் வருவதில்லை. உள்ளே இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நான் கேட்கும் பயிற்சி பெரிய வித்தை இல்லை. தாடை இறுகுவது, நெஞ்சு படபடப்பது, தூக்கம் கெடுவது ஆகியவற்றைக் கவனிப்பது. அது கோபமா, பயமா, வெட்கமா, துக்கமா என்று பிரித்துப் பார்ப்பது. எந்த அளவுக்கு முற்றினால் யாரைக் கூப்பிடுவது என்று, மனசு தெளிவாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைப்பது. வாட்ச்மேன் வேலைக்காக உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், மனசு சரியில்லாத நாட்களில் அதை வீட்டில் வைத்திருக்காமல் ஒப்படைக்க ஒத்துக்கொள்வதும் இதில் சேரும். தன் உணர்வைத் தானே இனங்காண முடியாத நிலைக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் தற்கொலையை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். 2021-இல் 6,392 பேர். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். அதில் முன்னாள் படைவீரர் எத்தனை பேர் என்று தனிக் கணக்கு இல்லை. முதலில் எண்ணவாவது தொடங்க வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. கேன்டீனுக்கு வருகிறார்கள், நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வருகிறார்கள், கலெக்டர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு வருகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் அங்கேயே வரட்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்று: "மனநோய் முகாம்" என்று போர்டு வைத்தால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார். டாக்டரோடு ஒரு ஓய்வு பெற்ற சுபேதாரும் நின்று, "எனக்கும் தூக்கம் வராமல் இருந்தது" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால் கேட்பார்கள்.

தரைப்படையில் அக்னிவீரர்களின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியது. நான்கு வருஷ சேவைக்குப் பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இருபது சொச்சம் வயதில், பென்ஷன் இல்லாமல் வீடு திரும்புவார்கள். கல்யாணம், வேலை, ஊர்ப்பேச்சு எல்லாம் ஒன்றாக வந்து அழுத்தும் வயசு அது. அவர்களுக்கு முதல் மாதமே இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும்.

மத்திய அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முப்படையினருக்கும் குடும்பத்தாருக்கும் என்று அதன் தனிப் பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். இந்த எண்களை கேன்டீன் பில் போடும் இடத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலக வாசலிலும் பெரிய எழுத்தில் ஒட்டும்படி சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரரின் மனைவி (பெயர் வெளியிட வேண்டாம்),
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.