ஏலக்கூடத்தில் நின்ற சட்டம்

லோரியான், பிரான்ஸ்

அன்புள்ள செல்வராசு,

கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் கடற்கரைச் சாலையில் காலை நடை போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஐரோப்பிய நாடுகள் கூடி இயற்றும் சட்டத்தை அவையே ஏன் மீறுகின்றன என்று கேட்டிருந்தாய். அதற்கான விடையை நான் இந்த ஊர் மீன் ஏலக்கூடத்தில்தான் கண்டேன்.

இங்கே மெர்லு என்றொரு மீனை மக்கள் விரும்பி உண்பார்கள். அட்லாண்டிக்கில் 27 சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல், குறைந்த மெர்லுவை உண்பதற்கு விற்கக் கூடாது. குஞ்சை அள்ளினால் இனமே அற்றுப்போகும் என்பதை உன் ஊர் மீனவர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. குறுமீன் பிடிப்பைப் பிரான்ஸ் சரிவரக் கண்காணிக்கவில்லை என்று 1991இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் துறைமுகங்களுக்கு வந்த, சட்டம் நடக்கிறதா என்று பார்க்கும் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வாளர்கள், அளவு குறைந்த மீன் ஏலம் போவதைக் கண்டார்கள். ஏலச் சீட்டில் அதற்கு '00' என்று தனிக் குறியீடே இருந்தது. ஒளித்துச் செய்த திருட்டாக இருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. கணக்கில் எழுதியே விற்றிருக்கிறார்கள். 2005 ஜூலையில்தான் 2 கோடி யூரோ அபராதமும், திருந்தாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுமார் 5.78 கோடி யூரோவும் செலுத்த உத்தரவாயிற்று. இடையில் 14 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஐரோப்பிய நாடுகள் கூடிச் சட்டம் இயற்றும் பிரசல்ஸில் கையெழுத்திடும் அமைச்சர் யாருடைய மீன் பெட்டியையும் பறிமுதல் செய்ய வேண்டியதில்லை. ஆணையத்துக்கென்று காவல் படையும் கிடையாது. விடியுமுன் ஏலக்கூடத்தில் நின்று, தன் தெருக்காரனின் மீனை அளந்து வழக்குப் போட வேண்டியவர் உள்ளூர் அலுவலர். 1994 பிப்ரவரியில் மீன் விலை சரிந்து மீனவர்கள் ரென் நகரில் போராடியபோது, கடலில் ஆபத்துக்கு ஏவும் எரியொளி ஒன்று கூரையில் விழுந்து, எங்கள் பிரெட்டனிப் பகுதியின் பழைய பார்லமான் (அந்நாளைய உயர் நீதிமன்றம்) மாளிகையே தீப்பற்றி எரிந்தது. அதைக் கண்ணால் கண்ட எந்த அரசு ஒரு கூடை மீனுக்காக அவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கும்?

கிரேக்கத்திலும் இதே கதைதான். கிரீட் தீவின் குரூபிட்டோஸ் பள்ளத்தாக்குக் குப்பைமேட்டை மூட முடியாததற்கு, மாற்றிடங்களை மக்கள் எதிர்க்கிறார்கள் என்று அரசு காரணம் சொன்னது. உள்நாட்டுச் சிக்கல் சாக்காகாது என்று நீதிமன்றம் மறுத்து, 2000இல் நாளொன்றுக்கு 20,000 யூரோ விதித்தது. மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அபராதம் கருவூலத்திலிருந்து போகிறது. தட்டிக்கழித்த அமைச்சர் அதற்குள் பதவி மாறியிருப்பார். வலி யாருக்கும் உறைக்காமல் காலம் மட்டும் கழிகிறது.

ஜனவரியில் புதுச்சேரி வருகிறேன். வம்பாக்கீரப்பாளையம் மீன் இறங்குமிடத்துக்கு ஒருநாள் விடியலில் என்னை அழைத்துப்போ.

என்றும் அன்புடன்,
தாமஸ்