நாசிக் தோட்டத்துப் பெரியவருக்கு நன்றி

புனேயில் பதினோரு ஆண்டுகள் நிறுவனக் கணக்குகளைப் பார்த்துவந்த எனக்கு, ஒயின் மீதிருந்த ஆர்வத்தையே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்ற துணிவைத் தந்தவர், தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட நாசிக் தோட்டக்காரர் ஒருவர். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் அறுவடையாகும் திராட்சை, இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாவது ஏன் என்பதை, ஏப்ரலிலும் மழை ஓய்ந்த பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை கொடியைக் கவாத்து செய்து, காய்ப்பைக் குளிர்காலத்துக்குக் கொண்டுசெல்லும் முறையின் வழியாக, கத்தரிக்கோலை என் கையிலேயே கொடுத்து விளக்கினார். பழம் சூடேறினால் மணம் கெடும் என்று விடியலுக்கு முன்பே ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சைக் குலைகளைப் பறிக்க அழைத்துச் சென்றார்; அந்த இருட்டில் கற்றதை எந்தப் பாடநூலும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. லண்டனில் 1969-இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் தேர்வுக்குப் பணம் கட்ட நான் தயங்கியபோது, முதல் தவணையை அவரே கட்டினார். இன்று ஒயின் சுவைத்தறியும் வகுப்புகளை நடத்திப் பிழைக்கிறேன். ஐயா, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.