நீதிமன்றம் இருக்கவே இருக்கிறதாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா,

ஞாயிறு பதிப்பில் இஸ்லாமிய வங்கிகள் பற்றி வந்த கட்டுரையில் "தகராறு வந்தால் நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது" என்று ஒரு வரி. எழுதியவர் கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை போலிருக்கிறது. மலேசிய மத்திய வங்கிச் சட்டம் 2009, பிரிவு 56, 57, உங்களுக்குத் தெரியாததா? வழக்கில் ஷரியா, அதாவது இஸ்லாமியச் சட்டக் கேள்வி எழுந்தால், நீதிபதி மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றம் ஏற்கெனவே சொன்னதைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த மன்றத்திடமே கேட்க வேண்டும். கேட்டு வரும் பதில் நீதிபதியைக் கட்டுப்படுத்தும். அங்கே போய் நம் வக்கீல் வாதாட முடியாது, யாரையும் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. மன்ற உறுப்பினர்களைப் பேரரசர் நியமிக்கிறார், சரி. ஊதியத்தை நிர்ணயிப்பது பேங்க் நெகாரா!

நான் முஸ்லிம், வட்டி வேண்டாம் என்றுதான் இஸ்லாமிய வங்கிக்குப் போனேன். மன்றத்தில் இருக்கும் அறிஞர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், அவர் காரும் இஸ்லாமிய வங்கிக் கடனில்தான் ஓடுகிறது. அவருக்கும் இதே சட்டம்தான் என்று யாராவது சொன்னார்களா?

என் வீடு 'பாய் பித்தமான் அஜில்' முறையில் வாங்கியது, அதாவது வங்கி வீட்டை லாபம் வைத்து நமக்கு விற்கும், நாம் தவணையில் கட்ட வேண்டும். முப்பது வருட லாபத்தையும் சேர்த்து 'விற்பனை விலை' என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள். முன்கூட்டியே கட்டி முடிக்கலாம் என்று போனால், இப்ரா, அதாவது தள்ளுபடி, வங்கி பார்த்துக் கொடுப்பதுதான் என்று பதில். கணக்கைக் காட்டுங்கள் என்றதற்கு ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டினார்கள். 2008-இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அப்துல் வஹாப் பட்டாயில், இந்த விற்பனை உண்மையான விற்பனையே இல்லை என்கிற மாதிரி தீர்ப்பு எழுதியபோது எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு வந்தது. மறு வருடமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்துவிட்டது. அப்புறம் 2019 ஏப்ரலில் ஜேஆர்ஐ என்ற நிறுவனத்தின் வழக்கு. மன்றத்தின் முடிவு நீதிபதியைக் கட்டுப்படுத்துவது செல்லும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதுவும் ஐந்துக்கு நான்கு என்று. ஒத்துக்கொள்ளாத நால்வரில் அன்றைய தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சுமும் ஒருவர். நாட்டின் தலைமை நீதிபதிக்கே நெருடிய விஷயம் உங்கள் கட்டுரையாளருக்கு நெருடவில்லை.

ரமலான் வந்தால் வங்கிகளின் முழுப்பக்க விளம்பரத்துக்கு உங்களிடம் இடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் அரபுச் சொற்களைத் தமிழில் விளக்குங்கள் என்று முன்பே எழுதிக் கேட்டேன், அதை நாலு வரியாக வெட்டி மூலையில் போட்டீர்கள். பரவாயில்லை, நீங்கள் பெரியவர்கள்.

இப்போது கேட்பது சின்னதுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அந்த இரண்டு பிரிவுகளும் என்ன சொல்கின்றன என்று தமிழில் ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால் பிரிவு எண்களையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர், கிள்ளான்