இலையில் விழுவதற்கு முன்பே உப்பின் அளவு தெரிய வேண்டும்: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்களுக்கும், இம்மாவட்டத்து உணவக உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

நம் மாவட்டத்து உணவகங்களில், உப்பு மிகுதியாக உள்ள பண்டங்களின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் குறி இடப்பட வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். எந்தப் பண்டத்தையும் தடைசெய்யச் சொல்லவில்லை. எந்தச் சமையற்காரரின் கைப்பக்குவத்திலும் தலையிடச் சொல்லவில்லை. காசு கொடுத்துச் சாப்பிட உட்காருகிறவருக்கு, அந்தப் பண்டம் இலையில் விழுவதற்கு முன்பே அதன் உப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. புத்தளம், சாமிதோப்புப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். உப்பின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை.

என் கணவருக்கு இதயம் பலவீனமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து எங்கள் அடுக்களையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் இருவருக்கும் ஒரு வாரத்துக்கு வேண்டிய உப்பை அளந்து அதில் போட்டு வைப்பேன். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் வாரத்துக்கு 70 கிராம் வரும். பப்படத்திலும் கடையில் வாங்கும் ரொட்டியிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால் நான் 50 கிராம்தான் போடுகிறேன். சனிக்கிழமைக்குள் குப்பி காலியாகிவிட்டால், அன்றைக்குச் சம்மந்தித் துவையலும் புளிசேரிக் குழம்பும் உப்பில்லாமல்தான். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

இத்தனை கவனமாக இருந்தும் சென்ற ஆண்டு ஒரு தவறு நேர்ந்தது. நெருங்கிய உறவினர் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்திருந்ததால், நாங்கள் இருவரும் நான்கு நாள் பக்கத்திலிருந்த ஓர் உணவகத்திலேயே சாப்பிட வேண்டியதாயிற்று. அவர் ஊறுகாயைத் தொடவில்லை, பப்படத்தை ஒதுக்கினார், கருவாட்டின் பக்கமே போகவில்லை. காலையில் இட்லியும் சாம்பாரும், மதியம் சோறும் குழம்பும், இரவில் இரண்டு பரோட்டாவும் கொஞ்சம் சால்னாவும் என்று, தமக்குத் தெரிந்தவரையில் பத்தியமாகத்தான் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் காலையில் செருப்பைக் கழற்றியபோது அதன் வார் காலில் ஆழப் பதிந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே என் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்; விழுந்த குழி நிரம்பவே இல்லை. அன்றிரவு அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கிற்று. மூன்று தலையணைகளை முதுகுக்குப் பின்னால் அடுக்கி விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “வெளியே சாப்பிட்டீர்களா?” என்பதுதான். நீர் இறங்க ஊசி போட்டு, வீடு திரும்ப ஆறு நாள் ஆயிற்று.

அந்த உணவகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சுத்தமான கடை, பரிமாறிய பையனும் அன்பானவன். முதல் நாளே அவனிடம், “உப்பு குறைவா எது இருக்கு தம்பி?” என்று கேட்டிருந்தேன். “எல்லாத்துலயும் அளவாத்தான் போட்டிருக்கு அம்மா” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நாக்குக்கு அது அளவுதான். கிராம் கணக்கு அவனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் இதுவரை கேட்டதும் இல்லை.

உப்பு எங்கே கரிக்கிறதோ அங்கே நாம் எச்சரிக்கையாகிவிடுகிறோம். கரிக்காத இடத்தில்தான் ஆபத்து. பரோட்டாவையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோ மைதாவுக்கு 200 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்து, கிலோவுக்கு 15 பரோட்டா வீதம் 150 பரோட்டா அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 1.3 கிராம் உப்பு வருகிறது. மூன்று பரோட்டா சாப்பிட்டால் 4 கிராம். சால்னாவை ஊற்றுவதற்கு முன்பே அந்த நாளின் அளவில் ஐந்தில் நான்கு பங்கு தீர்ந்துவிட்டது. ஆனால் பரோட்டாவை உப்பான பண்டம் என்று யார் நினைப்பார்கள்? உப்பில் உடம்புக்குக் கேடு செய்வது சோடியம் என்னும் தாது; மாவில் சேர்க்கும் சோடா உப்பிலும் அஜினோமோட்டோவிலும் இருப்பது அதே சோடியம்தான். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. 5 கிராம் உப்பில் இருப்பதே 2000 மில்லிகிராம்தான். மாலையில் ஒரு தட்டு ஃப்ரைடு ரைஸும் ஒரு கிண்ணம் சூப்பும் சாப்பிட்டுவிட்டுப் போகிற இளைஞர் இதையெல்லாம் எங்கே கூட்டிப் பார்க்கப் போகிறார்?

இது எங்கள் ஒரு வீட்டின் கவலை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. உப்பு மிகும்போது உடம்பு நீரைப் பிடித்து வைக்கிறது. குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. இதயமும் சிறுநீரகமும் அதன் பாரத்தைச் சுமக்கின்றன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது நம் அரசு. அந்த மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர் மதியம் எதைச் சாப்பிடுகிறார் என்பதை அவருக்கே தெரியாமல் விட்டுவைப்பது எனக்குப் பொருந்தாத காரியமாகப் படுகிறது.

நான் கேட்பது எங்கும் இல்லாத ஒன்றும் அன்று. நியூயார்க் நகரில் 2015 டிசம்பர் முதல், நாடு முழுவதும் 15 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், 2300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் உள்ள பண்டத்தின் பெயரருகே, முக்கோணத்துக்குள் உப்புக்குப்பி வரைந்த குறியைக் காட்ட வேண்டும் என்று அந்நகரச் சுகாதார வாரியம் விதித்தது. உணவக உரிமையாளர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போயும் அந்த விதி நிலைத்தது. பின்னர் பிலடெல்பியாவும் அதே வழியில் சென்றது. நம் நாட்டிலும் பாதி வழி வந்தாயிற்று. உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் பட்டியலில் காட்டியாக வேண்டும். கலோரியைக் கணக்கிடச் சமையல் குறிப்பையும் எடையையும் எப்படியும் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதே தாளில் உப்பையும் கணக்கிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

நியூயார்க்கின் 2300 என்ற எல்லை மிகவும் தளர்வானது என்பது என் கருத்து. ஒரே தட்டில் ஒரு நாள் உப்பும் தீர்ந்த பிறகு எச்சரித்து என்ன பயன்? ஒரு வேளைத் தட்டில் 1000 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பைத் தாண்டினாலே குறி வேண்டும். அந்தக் குறி எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கட்டும். தமிழ் படிக்கிறவர், மலையாளம் படிக்கிறவர், விவேகானந்தர் பாறையைப் பார்க்க வடக்கிலிருந்து வருகிறவர் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருகிற மாவட்டம் இது. சைவப் பண்டத்தின் பச்சைப் புள்ளியை எந்த மொழிக்காரருக்கும் நாம் விளக்க வேண்டியிருக்கவில்லையே. இந்துப்பைப் போட்டால் குறி வேண்டாம் என்று விலக்குத் தந்துவிட வேண்டாம். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். குறியைத் தவிர்ப்பதற்காகப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்புக்கு யாராவது மாறினால், அதையும் தெரிவித்தாக வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு அது உயிருக்கே தீங்காகலாம்.

உணவக உரிமையாளர்களே, குறி இட்டால் ஆள் வராது என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ரசவடையின் மேல் குறி இருக்கிறது என்பதற்காக நாகர்கோவில்காரர் ரசவடையை விட்டுவிடுவார் என்று நான் நம்பவில்லை. காலையிலிருந்து வெயிலில் வலை இழுத்தவருக்கு அந்தக் குறி ஒரு பொருட்டாக இராது. அவர் விரும்பியதைச் சாப்பிடட்டும். என் கணவரைப் போன்றவருக்கோ, குறி இல்லாத நான்கு பண்டங்கள் உங்கள் பட்டியலில் இருக்கின்றன என்பதே உங்கள் கடைக்குள் நுழைவதற்குக் காரணமாகும். குழம்பில் உப்பைச் சற்றுக் குறைத்துவிட்டு மேசையில் உப்புக்கிண்ணம் வைத்தால் வேண்டியவர் போட்டுக்கொள்வார். போட்ட உப்பைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. சிறிய கடைக்காரருக்கு ஆய்வகச் சோதனை வேண்டாம். ஓர் அண்டாவுக்கு எத்தனை கிராம், அதிலிருந்து எத்தனை தட்டு என்று வகுத்துப் பார்த்தாலே போதும்.

ஆட்சியர் அவர்களே, நாடு முழுமைக்குமான விதியைப் புதுதில்லியில்தான் இயற்ற வேண்டும் என்பதை அறிவேன். அதற்குப் பரிந்துரைத்து மாநில அரசின் வழியாகத் தாங்கள் எழுத வேண்டும் என்று வேண்டுகிறேன். அந்தப் பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழியும் தங்கள் கையில் இருக்கிறது. அரசு வளாகங்களிலும் மருத்துவமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் உணவகம் நடத்த இடம் குத்தகைக்கு விடப்படுகிறது. அடுத்த குத்தகை அறிவிப்பின் நிபந்தனைகளில் இந்தக் குறியையும் ஒன்றாகச் சேர்க்கச் செய்யுங்கள். நோயாளிகளும் அவர்களுக்குத் துணையிருப்பவர்களும் அன்றாடம் சாப்பிடுகிற மருத்துவமனை உணவகங்களிலிருந்து தொடங்கினால், எங்களைப் போல நான்கு நாள் அங்கேயே சாப்பிட நேர்கிறவர்களுக்கு முதலில் அது உதவும்.

இப்படிக்கு,
தக்கலைப் பகுதியைச் சேர்ந்த
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்