இங்கிலாந்தின் கிராமத்து பப்பை 'மதுக்கடை' என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடம் சில மாதங்கள் தங்கிவரச் செல்லும் பெற்றோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஒரு வரியும் விடாமல் படித்தேன். விசா, குளிருடை, மருந்துச்சீட்டு பற்றிய குறிப்புகள் மிகவும் பயனுள்ளவை. எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகளில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். அதனாலேயே அதில் உள்ள ஒரு சொல்லைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் இயலவில்லை. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் மதுக்கடைகளைத் தவிரச் சாப்பிட வேறு இடம் கிடைப்பது அரிது என்றும், ஆகவே வெளியே செல்லும்போது கட்டுச்சோறு எடுத்துச் செல்வதே குடும்பத்தாருக்கு நல்லது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் மதுக்கடை என்று குறிப்பிட்டது, உணவும் மதுவும் பரிமாறும் அங்குள்ள பப்பை. 32 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்ற முறையிலும், வடக்கு யார்க்‌ஷயரில் செவிலியராகப் பணிபுரியும் மகளுடன் இரண்டு கோடைகளைக் கழித்தவள் என்ற முறையிலும், இந்த மொழிபெயர்ப்பு சரியன்று என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் மதுக்கடை என்றதும் மனத்தில் எழுவது என்ன என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் இருக்கிறது. கம்பி வலைக்குப் பின்னாலிருந்து பாட்டிலை நீட்டும் அந்தக் கடைக்கு அருகில் பெண்கள் பேருந்துக்குக்கூட நிற்க விரும்புவதில்லை. எங்கள் தெருவில் கடை வேண்டாம் என்று கைக்குழந்தையோடு மறியலில் அமர்ந்த பெண்களை இந்த மாநிலம் எத்தனையோ முறை கண்டிருக்கிறது. என் மாணவிகளில் சிலர் படிப்பை நிறுத்தியபோது வறுமை என்று பதிவேட்டில் எழுதினோம். தந்தையின் குடிதான் காரணம் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். நான் மதுவுக்கு எதிரானவள், இக்கடிதத்தை எழுதும்போதும் அப்படியே. இவ்வளவு துயரம் ஏறிய ஒரு சொல்லை, பாட்டி முதல் பேரன் வரை ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் இடத்துக்குச் சூட்டினால், படிக்கும் பெற்றோர் அந்த வாசலை மிதிக்கவே மாட்டார்கள்.

முதல் முறை சென்றபோது நாங்களும் மிதிக்கவில்லை. அது ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கல்லடுக்கிக் கட்டிய வேலிகளும் ஆட்டு மந்தைகளுமாக இருந்த மலைச்சாலையில் எங்களை மழை பிடித்துக்கொள்ள, மகள் ஒரு பப்பின் முன்னால் காரை நிறுத்தினாள். மதுக்கடைக்குள் நமக்கு என்ன வேலை என்று நானும் என் கணவரும் இறங்க மறுத்து, கொண்டுபோயிருந்த புளிச்சோற்றைக் காருக்குள்ளேயே பிரித்தோம். மழைநீர் வழிந்த கண்ணாடிக்குள்ளிருந்து நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைத்தடி ஊன்றி வந்த ஒரு மூதாட்டியை மகன் போலத் தெரிந்த ஒருவர் கைபிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி போனார்கள். நான்கு நடைப்பயணிகள் சேறு அப்பிய காலணிகளை வாசற்கல்லில் தட்டிவிட்டு, நனைந்த நாயையும் கூட்டிக்கொண்டு நுழைந்தார்கள். அரைமணி நேரத்தில் தள்ளாடியபடி வெளியே வந்தவர் ஒருவரும் இல்லை. மகள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை; அடுத்த ஞாயிற்றுக்கு அதே இடத்தில் நான்கு பேருக்கு மேசை பதிவு செய்துவிட்டாள்.

உள்ளே தாழ்ந்த கூரையும், புகை படிந்து கறுத்த உத்தரங்களும், ஒரு மூலையில் கணப்பும் இருந்தன. கணப்பின் முன்னால் முந்தைய வாரம் பார்த்த நாயைப் போலவே ஒன்று படுத்திருக்க, அதன் அருகில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தார்கள். நம் ஓட்டல் பழக்கத்தில் மேசையில் அமர்ந்து சர்வருக்காகக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள் என்பதைப் புதிதாகச் செல்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. பெரும்பாலான கிராமத்து பப்புகளில் நாமே எழுந்துபோய், நீண்ட மர மேடையின் முன் நின்று, மேசை எண்ணைச் சொல்லி, வேண்டியதைக் கேட்டு, அங்கேயே பணத்தையும் கொடுத்துவிட வேண்டும். அந்த மேடையின் முன் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அடுத்து வந்தவர் யார் என்பது நிற்பவர்களுக்கும் தெரியும், பரிமாறுபவருக்கும் தெரியும், முந்திக்கொள்வதை எவரும் மன்னிப்பதில்லை. விலைப்பட்டியலில் உள்ள தொகையில் 20 விழுக்காடு வரியும் அடங்கியிருப்பதால், நம் ஊர் பில்லைப் போல இறுதியில் கூட்டல் கணக்கு எதுவும் இல்லை. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும் என்பது 2010 முதல் உரிம நிபந்தனை. தண்ணீரும் எலுமிச்சை சோடாவும் மட்டுமே குடித்த எங்களை ஒருவரும் வேறுமாதிரி பார்க்கவில்லை.

கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த அன்றைய உணவுகளில் முதல் வரியைக் கண்டு நான் எழுந்தே நின்றுவிட்டேன். மல்லிகட்டானி சூப் என்றிருந்தது. நம் மிளகுத்தண்ணிதான் அது. மதராஸில் வாழ்ந்த ஆங்கிலேயர் வீடுகளின் சமையற்கட்டிலிருந்து கப்பலேறிப் போய், இறைச்சிச் சாறும் ஆப்பிளும் கறிப்பொடியும் சேர்ந்து உருமாறி, யார்க்‌ஷயர் மலையடிவாரத்துக் கரும்பலகையில் வந்து நிற்கிறது. அன்று காய்கறிச் சாற்றில் செய்திருந்ததால் நானும் சுவைத்தேன். ரசத்தை எதிர்பார்த்துக் குடிப்பவருக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும், ஆனால் அடித்தொண்டையில் மிளகின் காரம் மெல்ல ஏறியபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

என் கணவர் கேட்டது உழவர் சாப்பாடு என்று பொருள்படும் ப்ளோமன்ஸ் லஞ்ச். தடித்த ரொட்டித் துண்டு, ஒரு பாளம் பாலாடைக்கட்டி, வினிகரில் ஊறிய முழு வெங்காயம், பக்கத்தில் சட்னி ஆகியவை ஒரு மரப்பலகையில் வந்தன. இந்தப் பெயர் பரவியதற்குக் காரணம், 1950களின் பிற்பகுதியிலிருந்து பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்குவதற்காக அத்தொழிலைச் சார்ந்த அமைப்புகள் செய்த விளம்பரம்தான் என்றாலும், வயலில் வேலை செய்தவன் ரொட்டியையும் வெங்காயத்தையும் கட்டிக்கொண்டு போனது அதற்கு முன்பே இருந்த வழக்கம். வெங்காயத்தைக் கடித்துவிட்டு, பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் போல என்று அவர் சொன்னதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சைவ உணவினர் அங்கே பட்டினி கிடக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. பட்டியலில் சைவ உணவுகளுக்குத் தனிக்குறி இட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி ஆகியவற்றின் ரோஸ்ட்டோடு, பருப்புக் கொட்டைகளை அரைத்துச் சுட்ட நட் ரோஸ்ட்டும் பல இடங்களில் உண்டு. எனினும் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே ஊற்றும் கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். வடபகுதிகளில் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கிண்ணம் போல உப்பி வரும் யார்க்‌ஷயர் புட்டிங்கும், முட்டையும் பாலும் கலந்த மாவைச் சூடான கொழுப்பில் ஊற்றிச் செய்வதே. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் உணவில் உள்ளனவா என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் இருப்பதால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதை அங்கே யாரும் தொல்லையாக எண்ணுவதில்லை. அந்தப் பட்டியலில் கடுகும் எள்ளும்கூட உண்டு. மாட்டுக் கொழுப்பு அதில் இல்லை. அதை நாமேதான் கேட்க வேண்டும். நான் கேட்டபோது, மேடையில் நின்ற பெண் தெரியாது என்றும் இல்லை என்றும் சொல்லாமல், சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து, தனி எண்ணெயில் பொரித்துத் தரச் சொல்லியிருப்பதாகக் கூறினார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பிறிதொரு நாள் நானும் கணவரும் மட்டும் பேருந்தேறி வேறொரு கிராமத்துக்குச் சென்று, நடந்து களைத்து, இரண்டே முக்கால் மணிக்கு அங்கிருந்த பப்பில் நுழைந்தோம். சமையலறை இரண்டரைக்கு மூடிவிட்டது, இனி ஆறு மணிக்குத்தான் என்றார்கள். கணவர் சர்க்கரை நோயாளி. அடுத்த பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அங்கே உறையிலிட்ட சிப்ஸைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. எந்நேரமும் ஏதாவது ஒரு டிபன் கிடைக்கும் சென்னையிலிருந்து செல்பவர்களுக்கு இந்த நேரக் கணக்குதான் உண்மையான இடர். கையில் எதையேனும் வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்தக் காரணத்துக்காகக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நான் முழு மனத்தோடு உடன்பட்டிருப்பேன்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். ஊராருக்கும் வழிப்போக்கருக்கும் பொதுவான வீடு என்பது அதன் பொருள். மது என்ற சொல் அதில் எங்கும் இல்லை. 1393இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு, பீர் விற்பவர்கள் வாசலில் அடையாளச் சின்னம் மாட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இடத்தை அறியவேண்டும் என்ற தேவையால், நம் தேர்தல் சின்னங்களைப் போலவே, சிவப்புச் சிங்கமும் ஏரும் அந்த மன்னரின் இலச்சினையான வெள்ளைக் கலைமானும் இன்றும் பலகைகளில் தொங்குகின்றன. ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டன் கிராமத்தில் 18ஆம் நூற்றாண்டில் கிரிக்கெட்டை வளர்த்தெடுத்த குழு விளையாடிய திடலுக்கு எதிரே இருப்பது பேட் அண்ட் பால் என்னும் பப். அதை நடத்திய ரிச்சர்ட் நைரனே அந்தக் குழுவின் தலைவரும் ஆவார். சேப்பாக்கத்தில் வெயிலில் காய்ந்து ஆட்டம் பார்க்கும் நம் ஊராருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர் உயரத்தில், பிரிட்டனிலேயே மிக உயரமான இடத்தில் இருக்கும் டான் ஹில் பப்பில், 2021 நவம்பரில் வீசிய ஆர்வன் புயலின் பனி வழியை அடைத்தபோது, அங்கு வந்திருந்த அறுபது பேரளவில் மூன்று இரவுகள் தங்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் கல்யாண மண்டபங்கள் செய்ததை அந்த பப் செய்தது.

அந்தப் பொதுவீடுகள் குறைந்து வருகின்றன என்பது இன்னொரு வருத்தம். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டில் 60,000க்கும் மேல் இருந்தவை இப்போது 50,000க்கும் கீழே வந்துவிட்டன. சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 1967 முதல் மூச்சுச் சோதனை. இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை. இவற்றால் குடியை மட்டுமே நம்பியவை மூடப்பட்டன. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை அடுப்பைப் பெரிதாக்கிச் சாப்பாட்டை நம்பியவை. வடக்கு யார்க்‌ஷயரின் ரிச்மண்ட் நகருக்கு அருகில் ஹட்ஸ்வெல் என்ற சிற்றூரில் 2008இல் மூடப்பட்ட ஜார்ஜ் அண்ட் டிராகன் பப்பை, ஊரார் பங்குப்பணம் திரட்டி வாங்கி 2010இல் திறந்தார்கள். உள்ளே ஒரு சிறு கடை, ஒரு நூலகம், பின்புறம் ஊரார் காய்கறி பயிரிடப் பாத்திகள். 2016க்கான நாட்டின் சிறந்த பப் என்று அதையே தேர்ந்தெடுத்தார்கள். நூலக அலமாரியின் அருகே அமர்ந்து தேநீர் அருந்தியபடி, கீழே ஸ்வேல் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், இதை மதுக்கடை என்று எந்த நாவால் சொல்வது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. அந்தச் சொல்லுக்குத் தமிழ் வேண்டுமெனில், பொது, இல் என்று பிரியும் பொதியில் என்ற பழஞ்சொல் நம்மிடமே இருக்கிறது. ஊர் கூடும் மன்றத்தையும் புதியவர்கள் வந்து தங்கும் இடத்தையும் சங்க காலத்திலேயே அது குறித்தது. அது இன்று வழக்கில் இல்லை என்று ஆசிரியர் குழு கருதினால், பேருந்தையும் ரயிலையும் போலக் கிராமத்து பப் என்றே எழுதிவிடலாம். சமையலறை மூடும் நேரத்தையும், ஞாயிறு மதியத்துக்கு முன்பதிவு தேவை என்பதையும், சைவ உணவினர் கேட்க வேண்டியவற்றையும் சேர்த்து ஒரு சிறு திருத்தக் குறிப்பாக வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

வரும் மே மாதம் நாங்கள் மறுபடியும் செல்கிறோம். இம்முறை எங்கள் சம்பந்தி அம்மாளும் உடன் வருகிறார். தங்கள் கட்டுரையைக் கத்தரித்துப் பயணக் கைப்பையில் வைத்திருக்கும் அவர், பப் வாசலில் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பத்திரிகையில் போட்டிருக்கிறதே என்கிறார். திருத்தம் அதே பக்கத்தில் வந்தால் அவரிடம் காட்டுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
குரோம்பேட்டை, சென்னை