ஃபைட்டர் தொட்டியில் வெந்நீர் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகளில், மார்கழிக் குளிரில் ஃபைட்டர் மீன் சோர்ந்து கிடந்தால் தொட்டியில் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றினால் தெம்பாகிவிடும் என்று ஒரு வரி வந்திருந்தது. மீன் சோர்வதற்குக் குளிர்தான் காரணம் என்றது சரி. சொன்ன வைத்தியம்தான் தப்பு. கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

மேசைமேல் வைக்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று 3 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஓசூர்ப் பக்கம் தை மாத விடியலில் அந்தத் தண்ணீர் 21 டிகிரிக்கு வந்துவிடும். 90 டிகிரிச் சூட்டில் 250 மில்லி வெந்நீரை அதில் ஊற்றினால், கலந்தபின் 26 டிகிரியைத் தாண்டும். எண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 டிகிரி ஒரே நிமிடத்தில் ஏறுகிறது. கலப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் மீன் இருந்தால் வெந்துபோகும். ஏறிய சூடும் நிற்காது. மூடியில்லாத கிண்ணத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் இறங்கிவிடும். மறுபடி டம்ளர், மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். குளிரைவிட இந்த ஊஞ்சல்தான் மீனை அதிகம் வாட்டுகிறது.

இந்த மீன் தாய்லாந்துக்காரர். 2019-இல் அந்நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவிக்கப்பட்டவர். நெல்வயலிலும் குட்டையிலும் வாழ்கிற மீன்தானே, கிண்ணம் போதாதா என்று விற்பவர்கள் கேட்பதுண்டு. வயல் தண்ணீர் ஆழம் குறைவு, பரப்பு அதிகம். கீழே வெயில் குடித்த மண் இருக்கிறது. மேசைக் கிண்ணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? டைல்ஸ். மேலே வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு இருப்பதால் மூச்சுக்குச் சமாளித்துக்கொள்ளும். குளிருக்கு அதனிடம் அப்படி ஒரு வழியும் இல்லை.

வேண்டியது 26, 27 டிகிரி. 25-க்குக் கீழும் 28-க்கு மேலும் நாள்கணக்கில் போகாமல் இருந்தால் போதும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதிக்கு ஹீட்டரே தேவையில்லை, ஒன்றைத் தவிர: ஏசி அறை. பகலில் 30 டிகிரி, இரவில் ஏசி 22-இல் ஓடினால், சின்னத் தொட்டி தினமும் ஐந்தாறு டிகிரி ஆடும். ஊட்டியில் குளிர்வது எல்லோருக்கும் தெரிகிறது. மயிலாப்பூர்ப் படுக்கையறையில் குளிர்வது யாருக்கும் தெரிவதில்லை.

முதலில் கிண்ணத்தை விட்டுவிடுங்கள். அதில் ஹீட்டரை ஒழுங்காக முழுக்க முடியாது, முழுக்கினாலும் மீனுக்கு ஒதுங்க இடமிருக்காது. 10 லிட்டர் குறைந்தபட்சம். 20 லிட்டர் தொட்டி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தண்ணீர் கூடக்கூடச் சூடு ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகும்.

அடுத்தது மூடி. தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகப் போகும் சூடுதான் பெரிய கசிவு. கண்ணாடியோ அக்ரிலிக்கோ, ஒரு தகடு வெட்டி மூடினால் அந்தக் கசிவு வெகுவாகக் குறையும். துள்ளிக் கீழே விழும் மீனும் பிழைக்கும். வயருக்கு ஒரு மூலையை வெட்டிவிட்டு, தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள், மூச்செடுக்க வேண்டுமே. பின்புறமும் இரு பக்கமும் அடியிலும் அரை அங்குலத் தெர்மாகோல் ஒட்டினால் ஹீட்டர் எரியும் நேரம் இன்னும் குறையும். ஜன்னலோரம், ஏசி காற்று நேரே விழும் இடம், வெயில் அடிக்கும் இடம் மூன்றும் வேண்டாம்.

இனி ஹீட்டர். அறையைவிட ஐந்தாறு டிகிரி கூட்ட, மூடிய தொட்டியில் லிட்டருக்கு 1 வாட் போதும். குன்னூர், கொடைக்கானல் வீடுகளில் 10 டிகிரிக்கு மேல் தூக்க வேண்டியிருந்தால் லிட்டருக்கு 2 வாட் வரை போகலாம். கடையில் கிடைப்பதில் சிறியது பெரும்பாலும் 25 வாட். சமவெளியில் 10 லிட்டருக்கும் 20 லிட்டருக்கும் அதுவே சரி. பெரியதாக வாங்கிவிட்டால் நல்லதுதானே என்று 100 வாட்டைக் கையில் எடுக்காதீர்கள். இந்த ஹீட்டர்களில் வழக்கமாக வரும் கோளாறு, வைத்த சூடு வந்ததும் ஹீட்டரை அணைக்க உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு அணையாமலே எரிவது. 10 லிட்டரில் 25 வாட் அப்படி மாட்டிக்கொண்டால் வெளியே போகும் சூட்டைக் கழிக்காமலே மணிக்கு 2 டிகிரி சொச்சம்தான் ஏறும்; காலையில் பார்த்துப் பிடுங்க அவகாசம் உண்டு. 100 வாட் மாட்டிக்கொண்டால் மணிக்கு 8 டிகிரிக்கு மேல். தூங்கி எழும்போது ரசம் தயார்.

செலவும் பெரிதில்லை. 25 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் 0.3 யூனிட், மாதம் 9 யூனிட்.

டிகிரி வைக்கும் திருகு இல்லாத சின்னஞ்சிறு ஹீட்டர்களும், செல்போன் சார்ஜரில் ஓடுவனவும் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு எப்போது நிறுத்துவது என்பதே தெரியாது. திருகு உள்ள, முழுக்க முழுகும் வகையையே வாங்குங்கள். திருகில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம், ஒன்றிரண்டு டிகிரி தப்பாக இருப்பது சகஜம். 26-இல் வைத்து, ஒரு நாள் கழித்துத் தெர்மாமீட்டரைப் பார்த்துத் திருத்துங்கள். தெர்மாமீட்டர் ஹீட்டருக்கு எதிர் மூலையில், தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வெளியே கண்ணாடியில் ஒட்டும் பட்டை, தண்ணீருக்கும் அறைக்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணைக் காட்டும்.

ஹீட்டரை மேலே செங்குத்தாக மாட்டுவது பலர் செய்யும் தவறு. சூடான தண்ணீர் மேலேயே தங்கும். தெர்மோஸ்டாட் 26 என்று அணையும். அடியில் படுத்திருக்கும் மீனுக்கு 23 கூட இருக்காது. ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியில், படுக்கை வாக்கில் வைக்கலாம் என்று போட்டிருந்தால் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே கிடையாக, இல்லையென்றால் சாய்வாக, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குமிழி ஓட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். குமிழி மெதுவாக வந்தால் போதும், நீண்ட துடுப்புள்ள மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துவிடும். கண்ணாடிக் குழாய் மணலில் புதையவோ கூழாங்கல்லில் சாயவோ கூடாது. அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறி விரிசல் விடும்.

தண்ணீர் மாற்றும்போது முதலில் பிளக்கைப் பிடுங்கி, 15 நிமிடம் விட்டு, பிறகு கைவையுங்கள். எரியும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கும். வெடித்த ஹீட்டர் உள்ள தண்ணீரில் கைவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வயர் தொட்டியிலிருந்து நேரே பிளக்குக்குப் போகாமல் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறட்டும், வழியும் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். அந்த இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருப்பது நல்லது. குழாய்க்குள் பனித்துளி போல ஈரம் தெரிந்தால் அன்றைக்கே குப்பைத்தொட்டி.

இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனி டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கி அதன் வழியாக ஹீட்டரை இணைக்கலாம். கன்ட்ரோலரில் 26.5, ஹீட்டர் திருகில் 28. ஒன்று பழுதானால் மற்றது நிறுத்தும். கன்ட்ரோலரின் சென்சார் வயர் நழுவி வெளியே வந்துவிட்டால், அது அறைக் குளிரைப் படித்துக்கொண்டு ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். அப்போது காப்பாற்றுவது அந்த 28-தான். சென்சாரை இரண்டு இடத்தில், கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டுங்கள்.

குண்டு பல்பைத் தொட்டிமேல் தொங்கவிட்டுச் சூடேற்றுவதையும் பார்க்கிறோம். இரவில் மீனுக்கு இருட்டு வேண்டும் என்று அணைத்துவிடுகிறோம்; குளிர்வதோ இரவில்தான்.

ஏற்கெனவே குளிரில் கிடக்கும் மீன் துடுப்புகளை மடக்கி, அடியிலோ மூலையிலோ அசையாமல் இருக்கும், தீனியைத் திரும்பிப் பார்க்காது. அவசரப்படாமல் மணிக்கு 1 டிகிரி வீதம் ஏற்றுங்கள். சூடு வரும்வரை தீனி வேண்டாம். செரிக்காது, மிச்சம் அழுகும். குளிர்ந்த சில நாளில் உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தால் அது நோய். ஹீட்டரோடு மருந்தும் வேண்டும்.

எல்லாம் செய்தபின்னும் பலர் கோட்டைவிடும் இடம் வாளி. மேல்தொட்டியிலிருந்து வரும் விடியற்காலைத் தண்ணீர் 18 டிகிரி இருக்கும். அதைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் பத்து நாள் ஹீட்டர் செய்த வேலை போச்சு. கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். வாளியில் குளோரின் நீக்கும் மருந்து போட்டு, வெந்நீரை அந்த வாளியில் கலந்து, தெர்மாமீட்டரை விட்டு, தொட்டியின் அதே டிகிரி வந்தபின் ஊற்றுங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது.

மின்சாரம் போனால் 25 வாட்டை வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். நீங்கள் சொன்ன வெந்நீர் அப்போது உதவும்: அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில், கைபொறுக்காத சூட்டில், 55 டிகிரி அளவில் நிரப்பி, இறுக்க மூடி மிதக்கவிட்டால் 10 லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் மெதுவாக ஏறும். ஆறியதும் மாற்றலாம். வெந்நீர் பாட்டிலுக்குள்ளேயே இருக்கட்டும் என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வண்ண மீன் வளர்ப்போர் சிலர்,
ஓசூர்.