கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்: தொலைந்த பைகளுக்கும் ஓர் இடம் வேண்டும்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் (கும்டா) தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை என் அப்பாவின் பையைத் தொலைத்துவிட்டேன். ரயிலில் விட்டேனா, பேருந்தில் விட்டேனா, ஷேர் ஆட்டோவில் விட்டேனா என்று இன்றுவரை தெரியாது. அந்தத் 'தெரியாது'தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

அப்பாவுக்கு 78 வயது. தபால்காரராக 34 வருடம் வேலை பார்த்தவர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, அப்புறம் 2019இல் இதயத்தில் ஒரு ஸ்டென்ட். புதன்கிழமை இரவு மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். விடியற்காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிட்னி சரியாக வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் தேவைப்படலாம், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்றார்.

குரோம்பேட்டை வீட்டுக்கு ஓடினேன். பீரோவிலிருந்து ஃபைலை எடுத்தேன். எக்கோ, ஈசிஜி, டிஸ்சார்ஜ் சம்மரி, பதினோரு வருட ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், எல்லாம் தேதிவாரியாக. அப்பா அடுக்கினது. தபால் பிரித்த கை அப்படித்தான் இருக்கும். கூடவே அவர் தினமும் எழுதிவைத்த சுகர் நோட்டு. மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், ஒரு வேட்டி, துண்டு. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து, கடைசியில் ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் போன். கோயம்புத்தூரிலிருந்து தம்பி, இன்சூரன்ஸ்காரர், மகள் பள்ளிக்குப் போனாளா என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்கா. ஒரு கையில் போன், இன்னொரு கையில் கம்பி. ஆட்டோவிலிருந்து இறங்கிக் காசு கொடுத்தபோதும் தெரியவில்லை. மூன்றாவது மாடியில் டாக்டர் ஃபைலுக்காகக் கையை நீட்டியபோதுதான் என் கையில் ஒன்றுமில்லை என்று பார்த்தேன்.

அடுத்த ஒன்றரை நாளில், அப்பாவின் பக்கத்தில் இல்லாத நேரமெல்லாம் நான் தேடினேன். யார் மீதும் எனக்குக் குறை இல்லை. போன இடத்திலெல்லாம் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எந்த வண்டியில் விட்டீங்க? ரயில் என்றால் எந்தப் பெட்டி, பேருந்து என்றால் வண்டி எண், ஆட்டோ என்றால் பதிவு எண். 'தெரியலைங்க' என்றதும் அவர்களால் மேலே ஒன்றும் செய்ய முடியவில்லை. ரயிலில் இல்லை என்றால் பேருந்தில் கேட்டுப் பாருங்கள், பேருந்தில் இல்லை என்றால் காவல் நிலையத்தில் சொல்லிப் பாருங்கள். நான்கு இடத்தில் நான்கு முறை அதே கதையைச் சொன்னேன். நான்காவது முறை சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"இவ்வளவு முக்கியமான பையை எப்படிம்மா மறப்பீங்க?" என்றும் கேட்டார்கள். அக்கறையோடுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பல நாள் நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். இப்போது எனக்குப் புரிவது இதுதான். நான் அந்தப் பையை மறக்கவில்லை. அதைக் கீழே வைத்த நொடி என் மனதில் பதியவே இல்லை. கை ஒரு வேலையைப் பழக்கத்தில் செய்துகொண்டே இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளக் கவனம் வேண்டும். கவலையோ பயமோ அந்தக் கவனத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால், எவ்வளவு யோசித்தாலும் அந்த நொடி திரும்பக் கிடைக்காது. பதியாத ஒன்றை எங்கிருந்து நினைவுபடுத்துவது? சாதாரண நாளில் நான் குடையைக்கூடத் தொலைத்ததில்லை. ஆனால் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள், சாவு வீட்டுக்குப் போகிறவர்கள், வேலை போய்விட்டது என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லோரும் உங்கள் வண்டிகளில்தான் ஏறுகிறார்கள். 'எங்கே விட்டீர்கள்' என்ற கேள்விக்கு அவர்களால்தான் பதில் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "கண்ணாடி எங்கம்மா?" என்றார். வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று பொய் சொன்னேன். சனிக்கிழமையும் கேட்டார். என் மகள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரு, பாப்பாவா?" என்றார். திங்கட்கிழமை அதிகாலையில் இறந்துபோனார். பழைய ரிப்போர்ட் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கடைசி நான்கு நாள் அவர் எங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. உங்கள் குழுமத்துக்கான சட்டம் 2010இல் வந்தது, முதல் கூட்டம் 2022இல் நடந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றையும் ஒரே பயணமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நீங்கள் இருப்பதற்கே காரணம். 2025இல் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. ஒரே க்யூஆர் டிக்கெட்டில் வண்டி மாறி மாறிப் போகலாம் என்றானது. மகள்தான் என் போனில் அதைப் போட்டுக் கொடுத்தாள். நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் பயணம் ஒன்றாகிவிட்டது, தொலைந்த பொருளைத் தேடுவது மட்டும் இன்னும் தனித்தனியாகவே இருக்கிறது.

இருக்கிற ஏற்பாடுகளை நான் அறியாமல் இல்லை. ரயில் என்றால் 139 என்ற உதவி எண் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படை 'ஆபரேஷன் அமானத்' என்ற பெயரில் பயணிகள் விட்டுப்போன பொருள்களை உரியவர்களிடம் சேர்க்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையத்தில் காணாமல்போன ஆவணங்களுக்குப் புகார் பதிந்து அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் நகல் வாங்க அது உதவும். மூக்குக் கண்ணாடிக்கும் சுகர் நோட்டுக்கும் நகல் தருகிற அலுவலகம் எங்கே இருக்கிறது?

பாரிஸ் நகரம் 1805இலேயே தொலைந்த பொருள்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்கத் தொடங்கிவிட்டது. லண்டனில் பேருந்து, சுரங்க ரயில், கருப்பு டாக்சி எதில் விட்டிருந்தாலும் கேட்க வேண்டிய அலுவலகம் ஒன்றுதான். அது பேக்கர் தெருவில் 1933இல் திறக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து, பிறகு இடம் மாறியது. டோக்கியோவில் யார் எதைக் கண்டெடுத்தாலும் தெருமுனைக் காவல் பெட்டியில் கொடுத்துவிட்டுப் போகலாம். உரியவர் வராவிட்டால் மூன்று மாதம் வைத்திருப்பார்கள். ஓர் ஆண்டில் அங்கே 40 லட்சம் பொருள்களுக்கு மேல் வந்து சேருகின்றன. அவ்வளவு தூரம் போவானேன், டெல்லி மெட்ரோவில்கூட இதற்கென்று காஷ்மீரி கேட் நிலையத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது.

அப்பா இருந்திருந்தால் இதற்கு வெளிநாட்டைத் தேட வேண்டாம், தபால் துறையைப் பார் என்று சொல்லியிருப்பார். பெறுநரும் கிடைக்காமல், அனுப்புநர் முகவரியும் இல்லாத கடிதங்களுக்கென்று அங்கே ஓர் அலுவலகம் உண்டு. ஆர்.எல்.ஓ. (ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ்) என்பார்கள். அங்கே மட்டும்தான் கடிதத்தைப் பிரித்து, உள்ளே ஏதாவது முகவரி இருக்கிறதா என்று பார்க்க அனுமதி. இன்னொன்றும் அப்பா சொல்வார். பர்ஸ் அடிக்கிறவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு, லைசென்ஸையும் அடையாள அட்டையையும் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்களாம். கட்டு பிரிக்கும்போது கடிதங்களுக்கு நடுவில் யாருடைய முகமாவது எட்டிப் பார்க்கும். அதில் இருக்கிற முகவரிக்குப் போய்க் கொடுத்தால், சிலர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள் என்பார். இப்படி எத்தனையோ பேருடைய பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரின் பைதான் என் கையிலிருந்து போயிற்று.

அந்தப் பையிலும் முகவரி இருந்தது. ஃபைல் அட்டையில் அப்பாவின் பெயர், நோயாளி எண், மருத்துவமனையின் தொலைபேசி எண் எல்லாம் உண்டு. யாராவது ஒருவர் திறந்து பார்த்து ஒரு போன் செய்திருந்தால் போதும். கண்டெடுத்தவர் நல்லவராக இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஆட்டோவில் விட்ட நகையைத் திருப்பிக் கொடுத்த ஓட்டுநர்களைப் பற்றிச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! நகை என்றால் நேரே காவல் நிலையம் போகலாம் என்று தெரியும். பழைய பேப்பரும் வேட்டியும் கிடக்கிற மஞ்சள் பையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அரை நாள் சவாரியை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு அலைய ஓட்டுநருக்கு முடியுமா? கண்டெடுத்த பொருளைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் அதைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பொறுப்பை இறக்கி வைக்க இந்த நகரத்தில் ஒரு திண்ணை வேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே பதிவேடு, ஒரே தொலைபேசி எண். கண்டெடுத்தவர் எந்த மெட்ரோ நிலையத்திலும், எந்தப் பேருந்து முனையத்திலும், எந்த ரயில் நிலையத்திலும் கொடுக்கலாம். கொடுத்ததும் ஒரு சீட்டு, ஆட்டோக்காரர் என்றால் வந்து போன செலவுக்கு ஒரு தொகை. தேடி வருகிறவரிடம் 'எங்கே விட்டீர்கள்' என்பதற்கு முன்னால் 'எது தொலைந்தது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள்' என்று கேளுங்கள். செயலியில் டிக்கெட் எடுத்திருந்தால் எங்கே, எப்போது ஏறினார் என்பது உங்களிடமே இருக்கும். மருந்து, மருத்துவ ஃபைல், கண்ணாடி, காது கேட்கும் கருவி வந்தால் மட்டும் அன்றைக்கே திறந்து பார்த்து, இருக்கிற எண்ணுக்குப் போன் செய்ய ஒருவரை நியமியுங்கள். ஆர்.எல்.ஓ.வில் செய்வது போல.

அப்புறம் ஷேர் ஆட்டோ. அதில் டிக்கெட்டும் இல்லை, ரசீதும் இல்லை. பெரிய வயலின் போன்ற செல்லோ என்ற வாத்தியத்தை வாசிக்கும் இசைக் கலைஞர் யோ-யோ மா 1999இல் நியூயார்க்கில் தன் விலைமதிக்க முடியாத வாத்தியத்தை டாக்சியின் டிக்கியில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். 1733இல் செய்த செல்லோ அது. கையில் டாக்சி ரசீது இருந்ததால் அன்றைக்கே கிடைத்துவிட்டது. நம் ஆட்டோக்களில் ரசீது எப்போது வருமோ, தெரியாது. அதுவரைக்கும் பதிவு எண்ணை உள்ளே, பயணியின் கண்ணுக்கு நேரே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கலங்கிப் போயிருக்கிற மனதிலும் கண்ணெதிரே இருக்கிற நான்கு இலக்கம் ஒருவேளை பதியும்.

அப்படி ஒரு பதிவேடு திறக்கும் நாளில் முதல் வரிசையில் எழுத இதை அனுப்புகிறேன். மஞ்சள் துணிப்பை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தது, மணமக்கள் பெயர் பாதி அழிந்திருக்கும். இடது கைப்பிடி பச்சை நூலால் தைத்தது. உள்ளே நீல அட்டை ஃபைல். நாற்பது பக்க நோட்டு ஒன்று, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'காலை, வெறும் வயிறு' என்று சாய்வான கையெழுத்து. பழுப்பு நிறச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி. வலது காதுப் பக்கம் திருகாணி கழன்று, மெல்லிய செம்புக் கம்பியால் கட்டியிருக்கும்.

இப்படிக்கு,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு மகள்